கூலாயில் ஒரு தற்காலிக டீச்சர்

ஜொகூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும் பேராக்கில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சிங்கப்பூர்லயா?" இல்லை, கூலாய் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி, தற்காலிக ஆசிரியை என்று விளக்கினால் கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். பேராக்கிலேயே 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு 500 கிலோமீட்டர் தெற்கே போய், அதுவும் தற்காலிக வேலைக்கா என்று என் பெரியம்மா நேராகவே கேட்டார். தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்து முடித்துவிட்டு நிரந்தரப் பணிக்கான நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தேன். 2018-ஆம் ஆண்டுத் தொடக்கம் அது. காத்திருக்கிற பட்டதாரிகளை ஆள் இல்லாத பள்ளிகளுக்கு அனுப்புவது இந்த நாட்டில் நெடுநாள் வழக்கம். சொந்த ஊரில் காலியிடம் வராது. வருகிற இடம் எப்போதும் பேருந்தில் ஓர் இரவு தூரத்தில்தான் இருக்கும்.

ஈப்போவில் ஏறினால் விடிவதற்குள் லார்கின். ஜொகூர் பாருவின் பெரிய பேருந்து நிலையம் அது. விடியாத அந்த நேரத்திலும் அங்கே ஒரு பகல் கூட்டம். எல்லாரும் ஒரே திசையில் போனார்கள், சிங்கப்பூர்ப் பாலத்துக்கு. நான் ஒருத்திதான் பெட்டியை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக, வடக்கே போகும் கூலாய் பேருந்தைத் தேடினேன். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். செனாய் தாண்டியதும் கட்டடங்கள் குறைந்து செம்பனை ஆரம்பிக்கிறது.

தமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், ஒரு தரைவீட்டின் பின் அறை எனக்குக் கிடைத்தது. வீட்டுக்கார அக்கா பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்தவர். அவர் கணவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். சிங்கப்பூரின் துவாஸில் ஒரு பட்டறையில் வெல்டர். நான்கு மணிக்கு முன்பே மோட்டாரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், தெருமுனையில்தான் ஸ்டார்ட் செய்வார், பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதென்று. ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வார். ஜிப் முதுகில், துணி நெஞ்சில். காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க இந்த நாட்டு மோட்டார்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் போடுவார்கள். கைப்பேசி, கடப்பிதழ், பெர்மிட் மூன்றும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி உள்சட்டைக்குள் போகும். மழைக்கோட்டு சீட்டுக்கு அடியில். அப்புறம் 1998-இல் திறந்த இரண்டாம் பாலம் வழியாகத் துவாஸ். பழைய பாலம், 1924-இல் திறந்த அந்த ஒரு கிலோமீட்டர் கற்பாதை, உட்லண்ட்ஸ் பக்கம் வேலை செய்பவர்களுக்கு. இரண்டிலும் சேர்ந்து நாள்தோறும் இலட்சக்கணக்கில் ஆள் கடக்கிறது. அப்போது சிங்கப்பூர் ஒரு வெள்ளிக்கு நம் பணம் 3 ரிங்கிட் அளவில் இருந்தது. இதற்குமேல் காரணம் எதுவும் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்குப் பெயர் ஒரு தோட்டத்தின் பெயர். தோட்டம் இருக்கிறது, தோட்டத்து மக்கள் இல்லை. ஜொகூரின் 70 தமிழ்ப்பள்ளிகளில் பாதி ஊர்களைச் சுற்றிப் பார்த்தாலே இந்தக் கதை விளங்கிவிடும். 1909-இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில்பாதை முடிந்தபின் அதன் இருபுறமும் ரப்பர் ஏறியது. ரப்பரோடு நம் ஆட்கள் வந்தார்கள். 1923-இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அதனால்தான் தோட்டத்துக்கு ஒரு பள்ளி முளைத்தது. பல இடங்களில் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், அவரே கங்காணிக்குக் கணக்கும் எழுதுவார். நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 பள்ளிகள். இப்போது 530-க்கும் குறைவு. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட ஆளையும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் தமானுக்கு வந்தார்கள். பள்ளி மட்டும் மரங்களுக்கு நடுவே அங்கேயே நின்றது. கூலாயிலேயே பாருங்கள், பிரீமியம் அவுட்லெட்ஸ் என்று 2011-இல் ஒரு பெரிய கடைத்தொகுதி திறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து பேருந்து பேருந்தாக வந்து கைப்பை வாங்கிப் போகிறார்கள். அது நிற்பது கூலாய் பெசார் தோட்டத்து நிலத்தில். தன் தாய்வழிப் பாட்டி பால் வெட்டிய தோட்டம் அந்தப் பக்கம்தான் என்பார் அக்கா. கார் நிறுத்துமிடத்தைக் காட்டி, "இந்த எடத்துலதான் எங்க லயம் இருந்திச்சாம் டீச்சர்" என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தார். அது அவர் கேண்டீனில் ஒரு நாள் பசியாறுவதற்கு ஆகிற காசைவிட அதிகம்.

மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாயின் துன் அமினா போன்ற இடங்களில் தமிழ்ப்பள்ளிகளில் வகுப்பறை போதாது. தோட்டத்துப் பள்ளிகளில் வகுப்பறை மிஞ்சும். 150-க்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் அமைச்சின் கணக்கில் அது மாணவர் குறைந்த பள்ளி. எங்கள் பள்ளி அதற்கும் வெகு கீழே. ஆறாம் ஆண்டில் ஒரு நீள மேசையைச் சுற்றி முழு வகுப்பையும் உட்கார வைத்துவிடலாம். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்? ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தையும் இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடும் அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தேன்.

இந்தப் பள்ளியை உயிரோடு வைத்திருப்பது என்ன என்று கேட்டால், மொழிப்பற்று என்று மேடையில் சொல்வார்கள், நான் வேன் என்பேன். பிள்ளைகள் எல்லோரும் நான்கைந்து தமான்களிலிருந்து வருகிறவர்கள். வேன்காரர் ஐயாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஆறு மணிக்கெல்லாம் கும்மிருட்டில் முதல் வீட்டு வாசலில் ஹார்ன் அடிப்பார். மேற்கு மலேசியாவில் சூரியன் ஏழுக்குத்தான் வரும், பள்ளி ஏழரைக்கு. அப்பா பாலத்தில், அம்மா செனாயில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்டில். பிள்ளையை எழுப்பி, சட்டை மாட்டி வேனில் ஏற்றிவிடுவது பாட்டியோ, பத்து வயது அக்காவோ. அந்த வேன் ஒரு வாரம் பழுதாகி நின்றால் பெற்றோர் பக்கத்து மலாய்ப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ இடம் கேட்டு நிற்பார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேனில் நானும் சில மாதங்கள் வந்தேன். ரேடியோவில் ஒருநாள் மின்னல், ஒருநாள் ராகா, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் காலைகளில் சிங்கப்பூரின் ஒலி 96.8. உட்லண்ட்ஸில் நெரிசல் எவ்வளவு என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "டீச்சர், இன்னிக்கு ஜாம். எங்கப்பா லேட்டு." சொல்லும் முகத்தில் கவலையெல்லாம் கிடையாது, வானிலை சொல்வதுபோல் சொல்வார்கள்.

காலணியைச் சொல்லாமல் விட்டால் தோட்டப்பள்ளியைச் சொன்னதாக ஆகாது. மலேசியப் பள்ளிகளில் அப்போது வெள்ளைக் கேன்வஸ் காலணி. தோட்டத்து மண் செம்மண். மழை பெய்த மறுநாள் சபைகூடலில் வரிசையாகப் பார்த்தால் முட்டிக்குக் கீழே எல்லோரும் ஒரே நிறத்தில் இருப்பார்கள். வார விடுமுறையில் துவைத்து, வெள்ளைச் சாயம் பூசி, வெயிலில் வைத்து, மறுநாள் திரும்பச் செம்மண். 2018 மே மாதம் ஆட்சி மாறி, சிம்பாங் ரெங்கம் தொகுதியில் வென்ற மஸ்லீ மாலிக் கல்வியமைச்சர் ஆனார். கூலாயிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும், அன்னாசிக்குப் பேர்போன ஊர் சிம்பாங் ரெங்கம். கறுப்புக் காலணி போடலாம் என்று அவர் அறிவித்ததும் நாடெங்கும் கேலி பறந்தது, கல்வியில் செய்ய வேறு வேலை இல்லையா என்று. பட்டணத்துக்காரர்களுக்கு அது கேலி. எங்கள் பள்ளியில் அக்காக்களும் பாட்டிகளும் அந்த ஆளுக்குச் சிலை வைக்கத் தயாராக இருந்தார்கள். அடுத்த ஆண்டே அவர் மேல் வேறு கோபம் வந்தது. நான்காம் ஆண்டு மலாய்ப் பாடத்தில் அரபு வடிவிலான ஜாவி காட் எழுத்தைச் சேர்க்கும் திட்டத்தை எதிர்த்து 2019 ஆகஸ்டில் தமிழ், சீனப் பள்ளிகள் கொதித்தன. கடைசியில் பக்கங்களைக் குறைத்து, கட்டாயமில்லை என்றார்கள். அந்த வாரங்களில் எங்கள் ஆசிரியர் அறையில் டீ ஆறிப்போனதே தவிரக் குடித்தவர் இல்லை.

நான் எடுத்தது பெரும்பாலும் தமிழ். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அப்போது யூ.பி.எஸ்.ஆர். என்ற பொதுத்தேர்வு இருந்தது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கருத்துணர்தலும் கட்டுரையும் தனித்தனியாக, அதோடு கணிதமும் அறிவியலும், ஆக 8 தாள். பதினொன்று பன்னிரண்டு வயதில் மூன்று மொழியில் கட்டுரை எழுதுகிற பிள்ளைகள் உலகத்தில் எத்தனை நாட்டில் இருப்பார்கள் தெரியாது, இங்கே அதைச் சாதாரணம் என்கிறோம். தமிழ்க் கட்டுரையில் தன்கதை என்று ஒரு வகை. நான் ஒரு பேனா, நான் ஒரு பள்ளிப்பை, நான் ஒரு குடை. மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த யாரிடமும் கேளுங்கள், அந்தக் கதையை ஒப்பிப்பார்கள். ஒரு தொழிற்சாலையில் பிறப்பேன். நண்பர்களோடு லாரியில் ஏறி ஒரு பேரங்காடிக்கு வருவேன். கண்ணாடிப் பெட்டியில் ஒய்யாரமாக வீற்றிருப்பேன். ஒரு மாது தன் மகனுக்கு வாங்கிப் போவாள். சில காலம் உழைப்பேன். உடைவேன். குப்பைத்தொட்டியில் கிடந்து என் கதையை உங்களுக்குச் சொல்வேன். எந்தப் பொருளானாலும் சாவது குப்பைத்தொட்டியில்தான். இந்த அச்சில் வார்த்தால் புள்ளி நிச்சயம் என்பதால் ஆசிரியர்களும் வார்ப்பார்கள்.

ஒரு பையன், பெயர் வேண்டாம், ஜே.டி.தி. காற்பந்துக் குழு பைத்தியம். 2014 முதல் சூப்பர் லீக்கை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத குழு என்பதால் ஜொகூர்ப் பையன்களுக்கு அந்தத் திமிர் இரத்தத்திலேயே உண்டு. அவன் 'நான் ஒரு மோட்டார்' என்று எழுதினான். பிறப்பது தொழிற்சாலையில், அதை மாற்றவில்லை. ஆனால் வாங்கியவர் வந்ததும் பேரங்காடி, ஒய்யாரம் எல்லாம் போய்விட்டது. ஓட்டுபவர் தூக்கத்தில் சாய்ந்தால் எப்படிக் குலுங்கி எழுப்புவது என்று மோட்டார் யோசிக்கிறது. பாலத்தில் ஆயிரம் மோட்டார் ஒட்டி நிற்கும்போது முன்னால் நிற்கும் மோட்டாரின் புகையைக் குடிக்கிறது. மழை பெய்தால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குகிற மற்ற மோட்டார்களோடு பேசிக்கொள்கிறது: உன் முதலாளிக்கு எத்தனை பிள்ளைகள்? இரண்டு பக்கமும் கடல் இருக்கிறதாம், இருட்டில் ஒருநாளும் பார்த்ததில்லையாம். குப்பைத்தொட்டி வரவே இல்லை. முடிவில் மோட்டார் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, உள்ளே டி.வி. சத்தத்தைக் கேட்கிறது. அங்கங்கே ஒற்று மிகவில்லை, ல, ள, ழ மூன்றும் ஒன்றின் வீட்டில் ஒன்று குடியிருந்தது. தேர்வில் இதற்கு என்ன கொடுப்பார்கள் என்று துணைத் தலைமையாசிரியரிடம் காட்டினேன். படித்தார். "நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா தேர்வுல பேனாவையே எழுதச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. எனக்கு இன்றும் அதில் சம்மதமில்லை.

பிள்ளைகளின் எழுத்துத் தமிழ் எங்கே தடுக்குகிறது என்று பார்த்தால், வீட்டில் பெரியவர்களோடு பேசக் கிடைக்கிற நேரத்தில் வந்து நிற்கும். இந்த மாநிலத்தில் அதற்கு ஒரு விசேஷச் சிக்கல் இருந்தது. 2014 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சிங்கப்பூரிலோ ஞாயிறு. அண்ணனுக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை. அவர் வீட்டில் இருக்கிற ஒரே நாளில் பிள்ளைகள் பள்ளியில். பிள்ளைகள் வீட்டில் இருக்கிற இரண்டு நாளும் அவர் துவாஸில். பேராக்கிலிருந்து போன எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேசிய கீதமான நெகாராகூவும் ஜொகூர் மாநிலப் பாடலும் பாடி வாரத்தைத் தொடங்குவது விநோதம் மட்டும்தான். அந்த வீட்டில் அது வேறு. ஞாயிறன்று என் வகுப்பில் வருகை குறையும். "காய்ச்சல்" என்று கடிதம் வரும். திங்கட்கிழமை பையனைக் கேட்டால், அப்பாவோடு குனோங் பூலாய் அருவிக்குப் போனோம் என்று உற்சாகமாகச் சொல்வான். அன்றைக்கு அவன் பேசுகிற தமிழில் வாக்கியங்கள் நீளமாக இருக்கும். வருகைப் பதிவேட்டில் எதைப் போட வேண்டுமோ அதைத்தான் போட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

பக்கத்து மலாய் இடைநிலைப்பள்ளிக்கு அப்போது ஃபுல்பிரைட் திட்டத்தில் ஓர் அமெரிக்கப் பெண் ஆங்கிலத் துணையாசிரியையாக வந்திருந்தாள். என்னைவிட ஒரு வயது இளையவள். கூலாய் காலைச் சந்தையில் ஹக்கா லெய் சா கடையில் பழக்கம். கூலாய் ஹக்கா சீனர்களின் ஊர். வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலத்தில் வேலி போட்டுக் குடியேற்றிய புதுக்கிராமம் இன்னும் ஊருக்கு நடுவில் இருக்கிறது. லெய் சா என்பது அரைத்த தேயிலைச் சாற்றைக் கீரைச் சோற்றின்மேல் ஊற்றிச் சாப்பிடுவது. முதல் வாய்க்கு மருந்து, மூன்றாம் வாய்க்குப் பழகிவிடும். அவள் வேலையைக் கேட்டு எனக்குப் பொறாமை. தேர்வுக்குத் தயார்ப்படுத்த வேண்டாம், பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாம். பிள்ளைகளோடு பேசணும், விளையாடணும், முகாம் நடத்தணும். அவளுடைய கல்லூரித் தோழி ஒருத்தி பிரான்சில் இதே மாதிரி வேலையில் இருந்தாளாம். அங்கே அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, வாரத்துக்கு 12 மணி நேரம் வகுப்பு. 12 மணி நேரம்! எங்கள் பள்ளியில் நான் அதைப் பாதி வாரத்தில் தாண்டிவிடுவேன், அதற்குமேல் புறப்பாடம், கோப்பு, இணையத்தில் தரவேற்றம். மீதி நேரத்தில் அந்தத் தோழி என்ன செய்வாள் என்று கேட்டேன். ரொட்டி வாங்குவாள், ரயிலில் சுற்றுவாள், வாடகை கட்டக் காசு போதவில்லை என்று புலம்புவாள் என்றாள் இவள். கடைசி விஷயத்தில் மட்டும் நாங்கள் மூவரும் ஒரே நாட்டு மக்கள்.

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும், அந்த ஏற்பாட்டில் ஓர் அறிவு இருக்கிறது. ஆசிரியர் கற்பிக்கட்டும், இன்னொரு ஆள் வெறுமனே அந்த மொழியில் பேசிக்கொண்டு இருக்கட்டும் என்று சம்பளம் கொடுத்து வைக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கு அப்படி யாரையும் வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை, தமிழ்தான் வீட்டில் பேசுகிறார்களே என்ற நினைப்பில். வீட்டில் ஆள் இருந்தால்தானே.

விடுமுறை நாள்களில் ஊர் சுற்றினேன். ஜொகூரில் எனக்குப் பிடித்த பயணம் கூலாயிலிருந்து குளுவாங்குக்கு ரயிலில் போவது. அப்போது மின்ரயில் கெமாஸோடு நின்றுவிடும். அங்கிருந்து தெற்கே ஒற்றைப்பாதையில் டீசல் வண்டி. லாயாங் லாயாங், ரெங்கம் என்று பெயர்ப்பலகைகள் வரும். எதிர்வண்டிக்கு வழிவிட எங்கோ காட்டில் நிற்கும். நிற்கும்போது கதவருகே நின்றால் செம்பனை ஆலையின் புளித்த வாடை வரும். குளுவாங் ரயில் நிலையத்து காப்பிக்கடை 1938-லிருந்து இருக்கிறது. கரியடுப்பில் சுட்ட ரொட்டி, காயா, அரைவேக்காட்டு முட்டை, இலையில் மடித்த நாசி லெமாக் சின்னப் பொட்டலம். அப்போது விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையில் போனால் உட்கார இடமிருக்காது. எழுந்திருக்கப் போகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், வெட்கப்பட்டால் பட்டினி. 2025-இல் மின்ரயில் அந்தப் பக்கமும் வந்துவிட்டது. வேகம் நல்லதுதான். டீசல் வண்டியில் என் அருகே உட்கார்ந்து இரண்டு கோழிகளைப் பையில் வைத்துக்கொண்டு வந்த பாட்டியை இதில் ஏற்றுவார்களா தெரியாது.

ஜொகூர் பாருவில் தெப்ராவ் சாலைப் பக்கம் இருக்கும் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குச் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். 1922-இல் ஒரு குடிசையாகத் தொடங்கியது. நிலம் ஜொகூர் சுல்தான் தந்தது. 2000-களின் இறுதியில் சுவர், தூண், கூரை என்று இலட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார்கள். என் பிள்ளைகளைப் பள்ளிச் சுற்றுலாவில் கூட்டிப்போனபோது ஒருத்தியும் அம்மனைப் பார்க்கவில்லை, ஆயிரம் துண்டாகத் தெரிந்த தன் முகத்தைத்தான் பார்த்தாள். எனக்கு உண்மையில் பிடித்தது உங்கு புவான் சாலை ராஜமாரியம்மன். 1911-இன் கோயில், பக்கத்திலேயே பூக்கடைகள். அங்கிருந்து நடந்தால் 1919-இலிருந்து விறகடுப்பில் வேகிற வாழைப்பழக் கேக் கடை. வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் பாலத்துக்கு அந்தப்பக்கத்துக்காரர்கள். நம் ஆள் அந்தப்பக்கம் வெல்டிங் செய்யப் போகிறான், அவர்கள் இந்தப்பக்கம் கேக் வாங்க வருகிறார்கள்.

2019 முதல் கீழ்நிலை வகுப்புகளுக்குத் தேர்வு நீங்கியது. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வையே எடுத்துவிட்டார்கள். 'நான் ஒரு பேனா' கட்டுரைக்கு அன்றோடு ஓய்வு கிடைத்திருக்க வேண்டும், ஆனால் பயிற்சி நூல்களில் இன்னும் கண்ணாடிப் பெட்டியில் ஒய்யாரமாக வீற்றிருக்கிறது என்று கேள்வி. எனக்கு நிரந்தரப் பணி வந்து பேராக் திரும்பினேன்.

2025 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறையைப் பழையபடி சனி, ஞாயிறுக்கே மாற்றினார்கள். செய்தியைக் கேட்டதும் அக்காவுக்குப் போன் போட்டேன், சந்தோஷமாக இருப்பார் என்று. "நல்லதுதான் டீச்சர்" என்றார். "முன்னெல்லாம் ஞாயித்துக்கெழம இவரு தூங்குவாரு, பிள்ளைங்க ஸ்கூல் போயிருங்க, நான் நிம்மதியா இருப்பேன். இப்ப மூணு வேளையும் ஆக்கிப் போடணும். இவருக்கு அதுல மீன் வேற வேணும். பிள்ளைங்களுக்குக் கோழி. நீங்க வாங்க, வந்து இதுங்களுக்குப் பாடம் எடுங்க, வாய மூடிக்கிட்டு இருக்கட்டும்." பின்னால் யாரோ எதற்கோ சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தமிழில்தான்.